கொழுந்துக் கம்பியில் கட்டிய சிவப்புத் துணி

சின்னமலைத் தோட்டம்,
நோர்வூட்.
14.5.1961

தம்பி சோலைமலைக்கு, அக்காள் நாகலெட்சுமி எழுதுவது. உன் சுகத்தை விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை. பூரணியும் கைக்குழந்தையும் சுகமாக இருக்கட்டும்.

ஹெலிகொப்டர் விழுந்த செய்தி நீ வேலை பார்க்கும் கினிகத்தேனைக் கடைக்கும் வந்திருக்கும். தேயிலையின் கொப்புள நோய்க்கு மருந்து அடிக்க வந்தது, கொழுந்து மூட்டை இறங்கும் நம் கம்பியில் மாட்டி ஏழாம் நம்பர் மலையில் விழுந்தது. ஓட்டி வந்த வெள்ளைக்காரருக்கு இரண்டு காலும் முறிந்துவிட்டன. அவர் செடிக்குள் கிடந்து முனகுகிறார். ஓடி வந்த கணக்கப்பிள்ளை தங்கவேலு, எத்தனை தேயிலைச் செடி நசுங்கியது என்று விரல் விட்டு எண்ணுகிறார். இதுவும் ஒரு மனிதப் பிறவி!

அந்த வெள்ளைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தாழப் பறக்கும்போது கம்பி பச்சையில் கலந்துவிடும், கண்ணுக்கே தெரியாது, எல்லாக் கம்பியிலும் துணி கட்டுங்கள் என்று முதல் நாளே சொன்னவர் அவர். நம் லயத்து வீடுகளில் பளிச்சென்ற துணிக்கு எங்கே போவது? என் கூறைச்சேலையில் பாதியைக் கிழித்துக் கொடுத்தேன். உன் மச்சான் அதைக் கொக்கியில் கட்டி, கயிறு விட்டு, கம்பியின் நடுவில் நிறுத்தினார்.

சிவப்பைக் கண்டதும் கணக்கப்பிள்ளை, "யூனியன்காரப் பயலுக கொடி ஏத்திட்டானுங்க, தொரை பாக்குறதுக்குள்ள எறக்குடா" என்று உன்னை விரட்டினாராம். நீயும் இறக்கினாய். அது எதற்குக் கட்டியது என்று உனக்குத் தெரியாதா? மச்சானுக்குக் கொக்கி எடுத்துக் கொடுத்தவனே நீதான். ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் இல்லை. மூன்றாம் நாள் அவர் கடை வேலை வாங்கிக் கொடுத்ததும் இன்னும் நன்றாக அடைத்துக்கொண்டது. தூ! உன்னைத் தம்பி என்று எழுதவே கை கூசுகிறது.

இப்போது "செல்லசாமி துணியே கட்டவில்லை" என்று பழியை உன் மச்சான் தலையில் போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் ஆபீசில் விசாரணை. வேலையை விட்டு நிறுத்தப் பத்துச்சீட்டு எழுதித் தயாராக இருக்கிறதாம். கையில் கொடுத்துவிட்டால் குடியிருக்கும் காம்பிராவையும் காலி செய்ய வேண்டும். மேலே கொழுந்து பறித்த வீரம்மா எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். ஆனால் அவள் பேச்சைத் தோட்டத்துத் துரை கேட்பாரா? உன் மச்சானோ, "சின்னப் பய, பயந்துட்டான்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறார். எனக்கு அந்தப் பெரிய மனசெல்லாம் கிடையாது.

இறக்கிய துணியை நீ தூக்கி எறியவில்லை. பூரணி அதில்தான் பிள்ளைக்குத் தொட்டில் கட்டியிருக்கிறாள் என்று உன் வீட்டுக்கு வந்துபோன மூக்கன் சொன்னான். அதை அவிழ்த்து எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை வந்து சேர். மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. இரண்டையும் துரையின் மேசையில் வைத்தால் கிழித்த இடம் பொருந்தும். நீ வாயைத் திறந்து நடந்ததைச் சொல்.

அன்று இரவு தொட்டில் இல்லை என்று பிள்ளை அழுதால், இரண்டு பாதியையும் நானே தைத்துத் தருகிறேன். அவன் நூறு வயது இருக்கட்டும்.

உன் அக்காள்,
நாகலெட்சுமி