புகைக்கூண்டுக்குள் இறக்கிய பைப்

அன்புள்ள இனியவன் அண்ணனுக்கு,

வல்லம் வடகாலிலிருந்து தங்கை தென்றல். போலந்துக் குளிர் உன்னை ரொம்ப வாட்டாமல், நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். இங்கே அம்மாவும் நானும் முனிரத்தினம் மாமாவும் இருக்கிறோம். வழக்கமாக அம்மாதான் உனக்கு எழுதுவாங்க, இந்தத் தடவை எழுத்து சரியாகத் தெரியவில்லை, நீயே எழுது என்று பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டாங்க. குன்றத்தூர் சாம்சன் அண்ணன் லீவு முடிந்து அங்கே திரும்புகிறார், அவரிடம் பருப்புப்பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் இந்தக் கடிதமும் கொடுத்து அனுப்புகிறோம். நீ போன் பண்ணினால் நான் ம் ம் என்று மட்டும் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்கிறாய். வீட்டில் இருப்பது அம்மா போன் ஒன்றுதான், அம்மாவும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாங்க, எனக்கும் போனைக் கையில் எடுத்தால் பேச்சு வராது. எழுதினால் வருகிறதா பார்க்கிறேன்.

நம் வீட்டுப் பின்பக்கம் கடைசியாக இருந்த கழனிக்கும் வேலி போட்டுவிட்டார்கள், லேடீஸ் ஹாஸ்டல் வருகிறதாம். நம்மிடம் காசு கொடுத்துச் சாப்பிட இன்னும் ஆள் வரும் என்று அம்மாவுக்குச் சந்தோஷம். என்னோடு படித்த ஷெர்லின் போன் செய்கிற கம்பெனியில் லைன் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், என்னையும் வா வா என்கிறாள், ஒன்பதாவதோடு நின்றவளை எடுப்பார்களா என்று தெரியவில்லை, எடுத்தாலும் நான் போய்விட்டால் அடுப்படியில் அம்மா தனியாக நிற்கணும். இப்போது அதுதான் எனக்குப் பயம், ஏன் என்று சொல்கிறேன்.

நீ தங்கியிருக்கிற வீட்டில் விறகடுப்புக்குச் செங்கல் புகைக்கூண்டுக்குள்ளே பைப் விட்டிருக்கிறார்கள், கூண்டு அகலமாக இருந்தால் புகை பாதியில் ஆறித் திரும்பிவிடும், குறுகலான பைப்பில் சூடு குறையாமல் ஒரே இழுப்பாக மேலே போகும் என்று சொன்னாயே, நம் வீட்டுக் கூண்டிலும் அப்படியே செய்தோம். மாமா ஒரகடம் பழைய இரும்புக் கடையில் துருப்பிடிக்காத பைப் துண்டுகள் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்குப் போகாமல் வந்து, ஒன்றோடு ஒன்று சொருகி மேலேயிருந்து இறக்கினார். ஆடக்கூடாது என்று சுற்றியிருந்த சந்திலெல்லாம் செங்கல் ஜல்லியும் சிமெண்டும் போட்டுக் கெட்டித்துவிட்டார். அம்மா கூண்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினாங்க. அடுப்பு வாயில் காகிதத்தை நீட்டினால் கையிலிருந்து இழுத்துக்கொண்டது அண்ணா. அடுப்படியில் கண்ணைத் திறந்துகொண்டு நிற்க முடிந்தது. எம் புள்ள அங்கருந்தே எனக்கு அடுப்பு வெச்சிக் குட்த்துட்டான் என்று சாப்பிட வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாங்க. வெல்டிங் ஷாப் பிரவீன், பொகை வாசனை இல்லாம சாம்பாரே எறங்கல அக்கா என்று கிண்டல் பண்ணினான், கரண்டியைத் தூக்கிக்கொண்டு அடிக்கப் போனாங்க. அம்மா அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

மழை வந்த பிறகுதான் கெட்டுப்போனது. நாம் எரிப்பது கம்பெனியில் சாமான் அடுக்கிக் கழித்துவிடுகிற பேலட் கட்டை, அது நனைந்துவிட்டது. ஈரக் கட்டைப் புகை பைப்புக்குள் ரோட்டுத் தார்க் கீல் மாதிரி கறுப்பாகப் படிந்து, சுவரில் ஒழுக ஆரம்பித்தது. மாமா பார்த்தவுடன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கூரைக்கு ஓடு அடுக்குகிற மாதிரி, மேல் பைப் கீழ் பைப்பை வெளியிலிருந்து கவ்வும்படி போட்டுவிட்டார். வெளியே பெய்கிற மழைக்கு அது சரி. உள்ளே வழிகிற கீலுக்கு, மேல் பைப் கீழ் பைப்புக்குள்ளே இறங்கி இருக்கணும். இப்போது ஒவ்வொரு இணைப்பிலும் கீல் வெளியே வந்து செங்கலில் ஊறுகிறது. பொகை மேல போறத்தயே பாத்துக்கினு இருந்தேன் தென்றலு, தண்ணி கீழ வரும்னு தோணவே இல்ல என்றார்.

போன வாரம் காலை ஷிப்டு ஆட்களுக்குச் சோறு வடிக்கும்போது கூண்டுக்குள் லாரி போகிற மாதிரி உறுமியது. வெளியே எட்டிப் பார்த்தால் உள்ளே படிந்திருந்த கீல் பற்றிக்கொண்டு கூண்டுக்கு மேல் நெருப்பு நிற்கிறது. கத்தணும் என்று வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அம்மாவைப் புடவையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டு, ஈரச் சாக்கை அடுப்பு வாயில் திணித்தேன். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கியது. சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல், இன்னொரு தடவை பற்றினால் நெருப்பு அதன் வழியாக வீட்டுக்குள்ளேயே வரும். அன்றைக்கே மாமா உளியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு வந்தார், சிமெண்டு போட்டிருப்பதால் கூண்டை இடித்தால்தான் பைப்பை எடுக்க முடியும். அம்மா அடுப்புக்கு முன்னால் போய் நின்றுகொண்டாங்க.

“எம் புள்ள சொல்லி வெச்சதுடா இது. இட்சிட்டேன்னு அவங்கிட்ட இன்னான்னு சொல்றது? அங்க ஒத்தையில கீறான். வூட்ல அவன் சொன்னது ஒண்ணாவது நல்லா நடக்குதுன்னு நெனச்சிக்கினு தூங்கட்டும்.”

மாமா உளியைக் கீழே வைத்துவிட்டார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று அம்மா தன் தலைமேல் அவர் கையை வைத்துச் சத்தியமும் வாங்கிவிட்டாங்க. அப்படியென்றால் நான் சொல்கிறேன் என்றேன். சொல்லு பாக்கலாம், போன்ல உனக்கு வாய் வந்துடுமா என்று சிரித்தாங்க. இப்போதும் வீட்டுக்குள் புகை வருவதில்லை, அதைத்தான் காட்டுகிறாங்க. தினமும் அடுப்பு மூட்டுவதற்கு முன் நான் அந்த விரிசலில் கை வைத்துப் பார்க்கிறேன். வைத்து என்ன பார்க்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அண்ணா, நீ சொன்ன யோசனையில் தப்பு இல்லை, மாட்டினதில்தான் தப்பு. இடிச்சிடும்மா என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாங்க, வேறு யார் சொன்னாலும் கேட்க மாட்டாங்க. இந்தக் கடிதம் உன் கைக்கு வருகிறவரைக்கும் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும், அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாங்க. காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகணுமாம், ஊறுகாயில் ஈரக் கரண்டி படக்கூடாதாம். அடுப்பு நன்றாக இழுக்கிறது என்று மறக்காமல் எழுதச் சொன்னாங்க. இழுக்கிறது. படித்தவுடன் போன் பண்ணு, நான்தான் எடுப்பேன். நான் ம் என்று மட்டும் சொன்னால் கோபித்துக்கொள்ளாதே, அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிறாங்க என்று எடுத்துக்கொள்.

உன் தங்கை
தென்றல்