உறை வேண்டி எழுதிய இரண்டாம் ஓலை

அலை ஓயாக் கரையும் அடுப்பு அணையா அடுக்களையும் உடைய ஆம்பற்கரை நாட்டைக் குடை சாயாது ஆளும் பெருந்தேவி பூங்குழை நாச்சியார் திருமுன், செங்குவட்டு நாட்டு மன்னர் இளவேட்டனாரின் மூத்த மந்திரி கீரன் சேந்தன் விடுக்கும் ஓலை. நும் வயல்கள் விளைக. நும் யானைகள் நலமே உண்க. நும் வயிறு நும் சொற்படி நடக்க. கடைசி வாழ்த்து புதிதாய் இருக்கிறதே என்று தேவியார் எண்ணக்கூடும். மந்திரி அதைத் தெரிந்தேதான் எழுதினான்.

தமக்கை மகனாகிய எம் மன்னர் சிற்றன்னையாகிய நும்மீது போர் அறிவித்திருப்பது உண்மை. ஏன் அறிவித்தார் என்பது மந்திரிக்கு விளங்கவில்லை. மன்னருக்கும் விளங்கவில்லை என்பதே மந்திரியின் ஐயம்.

சென்ற ஆடி வரை எறும்புக்கு வழிவிட்டு நடந்தவர் எம் மன்னர். ஆடியில் நடந்த பலாச்சுளைப் பந்தயத்தில் முந்நூற்றுப் பதினொரு சுளைகளை உண்டு, அடுத்த சுளையில் சாய்ந்தார். பழைய அரண்மனை வைத்தியர் ஏழு நாள் ஓயாமல் பேதி மருந்து கொடுத்து, சுளையோடு உள்ளிருந்த யாவற்றையும் வெளியேற்றி, தாமும் ஊரைவிட்டு வெளியேறினார். எட்டாம் நாள் எழுந்தவர் வேறொருவர். உறக்கம் இல்லை, வயிற்றில் ஓயாத இரைச்சல். எதிர்த்துப் பேசுகிறது என்று ஒரு குயிலை நாடு கடத்தினார். அது போகவில்லை என்று எல்லைக் காவலரைக் கடிந்தார். நும் தமக்கையார் மணமாகி வந்த நாளில் கொண்டுவந்த தயிர்ப்பானையை, நாற்பது ஆண்டுகளாக உறை அறாதிருந்ததை, புளிக்கிறது என்று தாமே உதைத்து உடைத்தார். மறுநாள் நும்மீது போர்.

புதிதாய் வந்த மருத்துவி நக்கை என்பவள் மன்னரின் நாடி பார்த்துவிட்டு மந்திரியிடம் உரைத்ததாவது: குடலுக்குள் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்கள் குடியிருக்கின்றன, அவற்றின் தொகை இந்நாட்டுக் குடிகளின் தொகையைவிடப் பன்மடங்கு, அவை சோற்றைச் செரிப்பதோடு நில்லாமல், களிப்பையும் கலக்கத்தையும் தலைக்குத் தூது அனுப்புகின்றன போலும். “குடிகளை அடித்து விரட்டிவிட்டுக் கோட்டை சிரிக்கவில்லையே என்றால், எப்படி ஐயா சிரிக்கும்?” என்றும் கேட்டாள். ‘போலும்’ என்று ஏன் இழுக்கிறாய் என்று மந்திரி வினவ, உள்ளே போய்ப் பார்த்து வந்தவர் எவரும் இல்லையே என்றாள்.

அன்று தொடங்கியது மந்திரியின் குழப்பம். இத்தனை ஆண்டுகள் தான் வணங்கியது மன்னரையா, மன்னருக்குள் குடியிருந்தோரையா? போர் ஆணை மன்னருடையது என்றால் பணியவேண்டும். குடலில் புதிதாய்க் குடியேறியோருடையது என்றால் அது கலகம், அடக்கவேண்டும். எப்படையை எவ்வழியே அனுப்புவது? சேனாதிபதியைக் கேட்டதற்கு, அவ்வழியில் யானை நுழையாது என்று மட்டும் சொன்னார்.

நக்கையின் யோசனைப்படி முதலில் இடையன் ஒருவன் வீட்டு மோர் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மன்னர் அவையோரைச் சீழ்க்கை அடித்து அழைத்தார். மந்திரி பொய் சொல்வதில்லை. அவையோரும் வரிசையாக வந்தனர். சினம் மட்டும் தணியவில்லை. பழைய குடிகளே திரும்ப வேண்டும், அவற்றின் வழித்தோன்றல்கள் ஆம்பற்கரை அரண்மனைத் தயிரில்தான் கிடைக்கும் என்று நக்கை சொல்லிவிட்டாள்.

ஆகவே மந்திரி நுமக்கு எழுதிய முதல் ஓலையில், “எம் மன்னர் சினம் தணிய நும் அரண்மனை உறை ஒன்று விடுத்தருள்க” என்று சுருங்கச் சொன்னான். சுருங்கச் சொல்வது அறிவு என்று அப்போது நினைத்திருந்தான். தேவியார் மாணிக்கம் பதித்த வாளுறை அனுப்பினார். பிழை நும்முடையதன்று. ஆயினும் அதை அவையில் பிரித்த மன்னர், “வாளை உள்ளே போடடா என்கிறாரா சிற்றன்னை?” என்று கொதித்தெழுந்து, நாலாயிரம் வீரரை ஆற்றங்கரைக்கு நடத்திவிட்டார். வரும் பௌர்ணமியன்று படை ஆற்றைக் கடக்கும். மந்திரி கேட்டது தயிருக்கு இடும் உறை.

இவ்வளவில் எழுதிக்கொண்டிருக்கையில், நண்பகலில், மன்னரே ஆற்றங்கரைப் பாசறையில் மந்திரியின் கூடாரத்துள் புகுந்து மந்திரியின் தோள்வழியே ஓலை முழுவதையும் படித்துவிட்டார். மந்திரி தன் கழுத்தை ஒருமுறை தடவிக்கொண்டான். “அப்படியானால், சேந்தனாரே, இந்தச் சினம் என்னுடையது இல்லையா?” என்று மன்னர் வினவினார். தெரியவில்லை என்று மந்திரி விடையிறுத்தான். உம்மை நம்பவேண்டும் என்றும் தோன்றுகிறது, யானைக்காலில் இடவேண்டும் என்றும் தோன்றுகிறது, இரண்டில் எது நான் என்றார். அதுவும் தெரியவில்லை என்றான். மன்னர் தரையில் அமர்ந்து, எவரையும் திட்டாமல் ஒரு வேளை உண்டு பல நாளாயிற்று, களைப்பாக இருக்கிறது என்றார். பிறகு எழுதச் சொன்னார்.

மன்னர் ஆணை: “சிற்றன்னையார் அறிக. பௌர்ணமி வரை என் கையை நான் பிடித்து வைப்பேன். வயிற்றுக்கு உறுதி சொல்ல இயலாது. தயிர் உறை வருக. கொண்டுவருவோன் அதை என் கண்ணில் காட்டாதிருக்க. மந்திரி ஊட்டுவார், நான் துப்பினாலும் ஊட்டுவார்.”

இதற்குப் புலி முத்திரையை மன்னர் தம் கையாலேயே இட்டார். இட்டவுடன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மந்திரியின் தலையை வாங்குங்கள் என்று கூவினார். காவலர் வருவதற்குள் வேண்டாம் என்றார். இரண்டாம் குரல் யாருடையதோ, அவர் நெடுநாள் வாழ்க. தேவியார் விரைக. பானை சிறிதாயினும் ஆகுக, குதிரை பெரிதாகுக.