ஒரு நாய், இரண்டு வீடு

மார்ச் 3
தம்பிக்கு,
நான் நலம். உன் நலம் கேட்க எனக்கு மனசில்லை, நம் நாய் இன்ஸ்பெக்டருக்காக எழுதுகிறேன். பத்து நாளாகத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறான். பதினோரு வயதில் முதன்முறையாக, நான் தைத்து வைத்த துணிமேல் மூத்திரம் போய்விட்டான். வயிறு பானைபோல் உப்பிவிட்டது. உன் மாடி வீட்டுக்கு அவன் வரும்போது அப்படி என்னதான் கொட்டுகிறாய்? ஓட்டல் மிச்சமா?
பதிலை வழக்கம்போல் அவன் கழுத்துப்பட்டையில் செருகி அனுப்பு.
அக்கா

மார்ச் 4
அக்காவுக்கு,
நாயைச் சாக்கு வைத்து என்னைக் குத்தாவிட்டால் உனக்குத் தூக்கம் வராது. சோறும் முட்டையும்தான் போடுகிறேன். முதுகில் முடி கொட்டுகிறதே, அது கண்ணில் படவில்லையா? பகல் முழுக்க உன் தையல் மெஷினுக்கு அடியில்தானே கிடக்கிறான்?
அப்பா சாகும்போது நான் வரவில்லை என்று எல்லார் முன்னாலும் கத்தினாய். ஐம்பது பயணிகளை நடுவழியில் இறக்கிவிட்டு, பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடி வந்திருக்க வேண்டுமா? பக்கத்திலேயே இருந்தாயே, நீ என்ன கிழித்தாய்?
தம்பி

மார்ச் 9
தம்பிக்கு,
இன்று அவனால் படி ஏற முடியவில்லை. மூன்றாவது படியில் நின்று மூச்சு வாங்கினான். அதனால் இதைப் படியில் வைக்கிறேன்.
கால்நடை டாக்டரிடம் காட்டினேன். "மருந்து ஏதாவது குடுக்குறீங்களா?" என்றார். "சொறிக்குப் பழைய மருந்துச் சீட்டைக் காட்டி வாங்கின மாத்திரை, நாலு மாசமா காலையில ஒண்ணு" என்றேன். "அந்த ஒண்ணுக்கு இவ்வளவு ஆகாதேம்மா. வேற யாராவது குடுக்குறாங்களா?" என்றார். "மேல இருக்கிறவனுக்கு அந்த அக்கறையெல்லாம் கிடையாது டாக்டர்" என்றேன்.
அக்கா

மார்ச் 9, மாலை
அக்கா,
எந்த மாத்திரை? வெள்ளையாக, நடுவில் கோடு போட்டதா?
அந்தச் சீட்டின் நகல் என்னிடமும் இருக்கிறது. டூட்டி முடிந்து வந்ததும் தினம் ஒன்று கொடுக்கிறேன், நாலு மாசமாக. நீ கண்டுகொள்ளமாட்டாய் என்று நினைத்தேன்.
மோட்டார் போடாதே, குப்பையைப் படியில் வைக்காதே என்று, நம் பேச்சு நின்ற இந்த ஒன்றரை வருஷமாக அவன் கழுத்தில் எத்தனை சீட்டு அனுப்பினாய்! மாத்திரை கொடுக்கிறேன் என்று ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உன்மேல் மட்டுமில்லை.
தம்பி

மார்ச் 10
தம்பிக்கு,
டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். நன்றாகத் திட்டினார், உன் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டேன். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டுமாம், ஒருவர் கையால் மட்டும். "பிழைச்சுருவானா?" என்றேன். "முதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசிக்கோங்கம்மா" என்றார். அத்தனை பேர் முன்னால் கூசிப்போனேன்.
என் கோபம் தீரவில்லை. அப்பா காரியத்தில் நான் கத்தியதில் பாதியை இன்றைக்கும் கத்துவேன். மீதிப் பாதியைச் சொல்லியிருக்கக் கூடாது.
உன்னிடம் இருக்கிற மாத்திரையையெல்லாம் எடுத்துக்கொண்டு வா. அவனால் ஏற முடியாது. நான் ஏறமாட்டேன். நீதான் இறங்க வேண்டும்.
திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டு. இனி எழுதாதே.
அக்கா