பன்னிரண்டாவது ஆள்

இல்லடா சில்வண்டு, வேலைல ஒண்ணும் பிரச்சினை இல்லை, யாரும் என்னைத் திட்டலை. போன்ல நீ மூணு தடவை கேட்டும் நான் மழுப்பினதுக்குக் காரணம் வேற. எனக்கே இன்னும் தலை எது வால் எதுன்னு புரியலை, எழுதினாலாவது தெளியுமான்னு பார்க்கிறேன். நீ அங்க நல்லபடியா இருக்கேன்னு எடுத்துக்கிறேன். இங்க உங்கம்மா சௌக்கியம், நான் பாதி சௌக்கியம்.

வரலாற்றுத் துறை சங்கதி எல்லாம் வழக்கம்போலத்தான். இந்த வருஷம் பதினேழு பேர் சேர்ந்திருக்காங்க, அதுல ரெண்டு பேர் புவியியல் கிளாஸ்னு நினைச்சு வந்து உட்கார்ந்தவங்க, எழுந்து போக வெட்கப்பட்டு இங்கேயே படிக்கிறாங்க. வராண்டாவுல இருந்த பெரிய மேப் ஒரு பக்கம் ஆணி கழண்டு தொங்குது, அதுக்கு ஒரு கமிட்டி போட்டாச்சு, ஆணி இன்னும் வரலை. துறைத் தலைவரை நாங்க அடிக்குறிப்புன்னு கூப்பிடுவோம்னு சொன்னேனே, டீயில சர்க்கரை கம்மின்னு சொல்றதுக்குக்கூட ரெண்டு ஆதாரம் காட்டுவார். அவர்தான் பழைய பீரோவைக் காலி பண்ணுங்க தம்பின்னு என்கிட்ட சொன்னார். அங்கதான் ஆரம்பிச்சுது.

பீரோவோட அடித்தட்டுல ஒரு ஃபைல் கிடந்துச்சு. பிஸ்கட் கம்பெனில ஒரு காலத்துல பத்தொம்பது நாள் வேலைநிறுத்தம் நடந்துச்சு, அதுல இருந்த பன்னிரண்டு பேர்கிட்ட பேசி, அவங்க சொன்னதைக் கையால எழுதினது. பேர் கிடையாது, முதல் பக்கம் கிழிஞ்சிருக்கு. நான் மூடி ஓரமா வைக்கிறதுக்குள்ள, அங்க ஆராய்ச்சி பண்ற பொண்ணு ஒண்ணு, தடிமனா கண்ணாடி போட்டிருக்கும், பார்த்துடுச்சு. அண்ணா, இது எங்க இருந்துச்சு, எந்தத் தட்டு, எதுக்குப் பக்கத்துலன்னு ஒரே கேள்வி. நான் வாயைத் திறக்கலை. ஏன்னா அது என் ஃபைல். நான் அங்க ரெண்டரை வருஷம் படிச்சுப் பாதில ஓடினவன்னு இப்ப இருக்கிற ஒருத்தருக்கும் தெரியாது, அப்ப இருந்த வாத்தியாருங்க எல்லாம் போயாச்சு, அட்டெண்டரா சேர்ந்தப்ப நானும் சொல்லிக்கலை. ஃபைலைக் கொடுக்கப் போன அன்னிக்குத்தான் உங்கம்மாவை ஆஸ்பத்திரில சேர்த்துட்டாங்கன்னு தகவல் வந்துச்சு. வார்டு நம்பர் எழுதப் பேப்பர் இல்லாம முதல் பக்கத்தைக் கிழிச்சேன், ஃபைலை அங்கேயே போட்டுட்டு ஓடினேன். நீ பொறந்தே. அதுக்கப்புறம் நான் திரும்பப் போகலை.

எட்டு மாசமா அந்தப் பொண்ணு அதை வச்சுத்தான் எழுதுது. நடுவுல ஒரு கூட்டம் போட்டு, இதை எழுதினவர் யாரா இருக்கும்னு பேசினாங்க. நான் டீ கொடுத்துக்கிட்டு நிக்கிறேன். கையெழுத்தைப் பார்த்தா நிதானமான மனுஷர், நாற்பது வயசுக்கு மேல, கம்பெனிலயே மேற்பார்வை பார்த்தவரா இருக்கலாம்னு அது சொல்லுது, அடிக்குறிப்பு தலையை ஆட்டுறார். எனக்கு அப்ப வயசு இருபது, நிதானம்னா என்னன்னே தெரியாது. அது கைல வச்சிருந்த பீரோ சாவியில ஒரு அட்டை தொங்குது, அதுல நான் எழுதியிருக்கிறதும் அதே கையெழுத்து. அங்க இருக்கிற எல்லாச் சாவிலயும், எல்லாக் கதவுலயும் என் கையெழுத்துதான். நூறு வருஷத்துப் பேப்பர்ல யார் பேனா மாத்தினாங்கன்னு கண்டுபிடிக்கிற ஆளுங்கடா, கைல இருக்கிற சாவியைப் பார்க்கலை. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, கொஞ்சம் வலிக்கவும் செஞ்சுது.

இதோட நின்னா பரவாயில்லை, பெருமையா வச்சுக்கலாம். சிக்கல் என்னன்னா, நான் பேசினது பதினோரு பேர்கிட்ட. வாத்தியார் பன்னிரண்டு கேட்டார். பன்னிரண்டாவது, பேக்கிங்ல வேலை பார்த்த அக்கான்னு ஒருத்தியை நானே உட்கார்ந்து எழுதினேன். அந்தப் பொண்ணுக்குப் பிடிச்சது அவளைத்தான். வேலை நின்னது கூடப் பரவாயில்லை, காலைல எட்டரை ஆனா கால் தானா செருப்பைத் தேடுதுன்னு அந்த அக்கா சொல்ற ஒரு வரியை வச்சு நாற்பது பக்கம் எழுதி, தலைப்பும் அதையே வச்சிருக்கு. இதுல இன்னொரு குழப்பம். அந்த வரி நான் யோசிச்சதும் இல்லை. துணிக்கடைல பில் போட்டுக்கிட்டிருந்த உங்கம்மாவை, நீ வயித்துல இருக்கேன்னு நிறுத்தினாங்க, அந்த வாரம் அவ சொன்னது. அப்ப அது பொய்யா, பொய் இல்லையா? சொன்னது ஒருத்தி, நடந்தது நிஜம், கம்பெனி மட்டும் வேற. எனக்குத் தெரியலைடா. உங்கம்மாகிட்ட கேட்டா, என் வாயில இருந்து வந்ததை ஊர் பேர் இல்லாதவ வாயில போட்டியே, என்னைக் கேட்டியான்னு அவ ஒரு தனி வழக்கு போடுறா.

இன்னைக்குப் பதினோரு மணிக்கு அந்தப் பொண்ணு எல்லார் முன்னாடியும் அதைப் படிக்கப் போகுது. வெளிய இருந்து ரெண்டு பேர் வந்திருக்காங்க, அவங்க சரின்னா அதுக்குப் பட்டம். சொல்லாம இருந்தா அந்த இல்லாத அக்கா காலத்துக்கும் புத்தகத்துல உட்கார்ந்திருப்பா, என்னைக்காவது எவனாவது நோண்டி எடுத்தா அசிங்கப்படுறது அந்தப் பொண்ணு, நான் இல்லை. சொன்னா அதோட எட்டு மாச உழைப்புல நான் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி. என்னையும் அட்டெண்டர் சும்மா அளக்கிறான்னு சொல்லுவாங்களோ என்னவோ. ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தேன். காலைல பார்த்தா சாப்பாட்டு டப்பா மேல உன் பொறப்புச் சர்டிபிகேட் கவர் இருக்கு. உள்ள அந்த முதல் பக்கம். ஒரு பக்கம் என் பேரு, வகுப்பு, தலைப்பு, பின்பக்கம் வார்டு நம்பர். இத்தனை வருஷம் அவ வச்சிருந்ததே எனக்குத் தெரியாது. அவ டப்பாவைக் கொடுத்துட்டு உள்ள போயிட்டா.

நாற்காலி போட்டாச்சு, தண்ணி வச்சாச்சு, மணி பத்தரை. கதவுக்குப் பக்கத்துல ஸ்டூல்ல உட்கார்ந்துதான் இதை எழுதுறேன், பக்கம் சட்டைப் பைல இருக்கு. நீ பல் வலின்னு சொன்னியே, தள்ளிப் போடாம டாக்டர்கிட்ட போ. படிப்புல ஏதாவது புரியலைன்னா புரியலைன்னு சொல்லிடு, என்னை மாதிரி இல்லாத ஆளை உண்டாக்கி எழுதாதே. எந்தக் குறையும் இல்லாம நல்லா இருடா கண்ணு. அந்தப் பொண்ணு வந்துடுச்சு, அண்ணா பீரோ சாவின்னு கையை நீட்டுது. சாவியோட சேர்த்து அந்தக் கிழிச்ச பக்கத்தையும் கொடுக்கப் போறேன், கூட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு மட்டும் படிக்கட்டும், பன்னிரண்டாவது ஆளைப் பத்தியும் அதுகிட்ட சொல்லிடுறேன். போகணும்.

அப்பா