பங்கரைச் சொல்லாத பதில்

இன்று நானும் கேள்வி கேட்க உட்கார்ந்த நேர்முகத் தேர்வில் நெடுங்கேணிப் பிள்ளை ஒருத்தி திரையில் இருந்தாள். கொழும்பிலிருந்து இணைந்திருந்த முகாமையாளர் வழக்கமான கேள்வியைப் போட்டார்: கடும் நெருக்கடியில் வேலை செய்த அனுபவம் ஒன்றைச் சொல்லுங்கள்.  அவள் பரீட்சைக்கு முதல்நாள் மின்சாரம் நின்றுபோன கதையைச் சொன்னாள். நீ என் கண்முன் வந்து நின்றாய்.

இதே வவுனியா மென்பொருள் அலுவலகத்துக்கு நாம் இருவரும் ஒரே நாளில்தான் தேர்வுக்கு வந்தோம். உன்னிடமும் அதையே கேட்டார்கள். கம்பஸில் புரொஜெக்ட் ஒப்படைக்கவேண்டிய அன்று மடிக்கணினி பழுதானதைச் சொன்னதாக என்னிடம் சொன்னாய். வெளியே தேத்தண்ணீர் குடிக்கும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. பங்கரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சின்ன வயதில், செல் குண்டு பட்ட உன் தம்பி உன் மடியில் செத்தபோது, அதே பங்கர்க் குழிக்குள் பக்கத்தில் இருந்தவள் நான். அதைவிட என்ன நெருக்கடி?

"அதைச் சொன்னா வேலை தரமாட்டாங்களடி. பாவமெண்டு சாப்பாட்டுப் பார்சல் தருவாங்கள். எனக்கு வேலைதான் வேணும்."

இருவருக்கும் வேலை கிடைத்தது. பூநகரியில் உன் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் சிக்னல் அறுந்து அறுந்து வரும். அந்த எரிச்சலில்தான் நம் ஆஸ்பத்திரி மென்பொருளுக்கு நீ அந்த நிரலை எழுதினாய். நோயாளியின் விவரம் பதியும்போது இணைப்பு போனாலும் பதிந்தது அழியாது. "எங்களுக்கு லைன் போறது வழமை, வாறதுதான் புதினம்" என்பாய்.

செல்லுக்குத் தப்பிய உன்னை ஒரு நுளம்பு கொண்டுபோய்விட்டது. டெங்கு என்று ஆஸ்பத்திரியில் படுத்தவள் எழும்பவில்லை. நினைத்தால் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வருகிறது.

செத்தவீட்டுக்கு வந்த இதே முகாமையாளர் உன் அம்மாவின் கையைப் பிடித்து விசாரித்தார். பெற்ற வயிறு, எல்லாவற்றையும் சொல்லி அழுதது. மறுநாள் எல்லாருக்கும் உன் படத்தோடு மின்னஞ்சல் வந்தது: போரில் தம்பியை இழந்தும் மீண்டெழுந்த வன்னிப் பெண். பாவம், பாவம் என்று பதில்கள் குவிந்தன. உன் நிரலைப் பற்றி ஒரு வரி இல்லை. நீ வாழ்நாள் முழுக்கப் பொத்தி வைத்ததைப் பொத்தி வைக்க அவர்களுக்கு ஒரு நாள்கூடப் பொறுமை இருக்கவில்லை.

இன்றும் அவர் விடவில்லை. குடும்பத்தில், யுத்த காலத்தில், வேறு ஏதும் நடக்கவில்லையா என்று கிண்டினார். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்தாள். நான் குறுக்கே விழுந்தேன். "அது வேண்டாம் தங்கச்சி. நீங்கள் எழுதின புரோகிராமைக் காட்டுங்கோ" என்றேன். அவள் காட்டினாள். நன்றாகவே எழுதியிருந்தாள். முகாமையாளருக்கு என்மேல் கோபம், இருக்கட்டும்.

புதிதாகச் சேருபவர்கள் சிலவேளை உன்னைப் பற்றிக் கேட்கிறார்கள். நல்ல என்ஜினியர் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். தம்பியின் பெயர், அவன் கடைசியாகத் தண்ணீர் கேட்டது, அழாமல் நீ அவன் கண்ணை மூடிவிட்டது, எல்லாம் என்னிடம் இருக்கிறது. அதை நான் உன்னோடு மட்டும்தான் கதைப்பேன்.