சகலையின் டெஸ்டர்

12-10-1988, புதன்

செந்துறையிலிருந்து மத்தியானமே திரும்பிவிட்டோம். சாயங்காலம் வரை இருங்கள் என்று மாமியார் கெஞ்சினார். அரியலூரில் ஒரு மோட்டார் வேலை அவசரமாகக் கிடக்கிறது என்று பொய் சொல்லிக் கிளம்பினேன். அம்சவள்ளி பஸ்ஸில் என்னோடு பேசவில்லை.

அங்கே உட்கார எப்படி மனசு வரும்? தர்மன் மகளுக்குக் காதுகுத்து. தர்மன் என் சகலை, அம்சவள்ளியின் தங்கை மலர்கொடியைக் கட்டியவன். பெரம்பலூரில் வயரிங் வேலை செய்கிறான். நானும் வயர்மேன், அவனும் வயர்மேன். ஒரே வீட்டில் பெண் எடுத்ததோடு இதுவும் ஒரு தலைவிதி. அவன் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து ஒரு டெஸ்டர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். பேனா மாதிரி இருக்கிறது. கரண்ட் இருக்கிற கம்பியைத் தொடவே வேண்டாம், பக்கத்தில் கொண்டுபோனாலே சத்தம் போடுகிறது.

பந்தி முடிந்ததும் சுவரில் அதை வைத்து இழுத்துக் காட்டினான். உள்ளே லைன் போகிற வழியெல்லாம் அது கீச்சுக்கீச்சென்றது. மாமியார் அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அந்த வீட்டுக்கு வயரிங் செய்ததே நான். நான் பதித்த பைப் எங்கே போகிறது என்று அவன் என் மாமியாருக்குக் காட்டுகிறான்! ஒருத்தராவது, "பெரிய மாப்பிள்ளை போட்ட பைப்பாச்சே" என்று ஒரு வார்த்தை சொன்னார்களா?

தொடங்கும்போது ஒரு தடவை, முடித்ததும் ஒரு தடவை அதை பிளக் ஓட்டையில் வைத்துக் கத்தவிட்டான். விளம்பரம். வேறென்ன?

14-10-1988

"அந்தப் பேனா நம்ம திருச்சியில கிடைக்காதா?" என்று அம்சவள்ளி கேட்டாள். கேட்காதது போல இருந்துவிட்டேன்.

19-10-1988

திருமானூர் கிருஷ்ணமூர்த்தி புது வீடு கட்டுகிறார். அவருடைய போர் மோட்டாரெல்லாம் இத்தனை வருஷமும் நான்தான் பார்க்கிறேன். வீட்டு வயரிங்கும் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று போனால், "கோவிச்சுக்காத ராசாங்கம், வூட்டு வேலைய ஒன் சகலைகிட்ட சொல்லிட்டேன். மோட்டார் எப்பவும் போல ஒனக்குத்தான்" என்கிறார். காதுகுத்துக்கு வந்தவர் பேனாவைப் பார்த்து மயங்கிவிட்டார். அவரைத் தர்மனிடம் கூட்டிக்கொண்டுபோய், "இவரு நம்ம சகலைங்க" என்று சொன்ன வாய் என்னுடைய வாய்தான். இந்த வாயை என்ன செய்வது?

புது வீட்டில் எந்தச் சுவரில் லைன் தேடப் போகிறானாம்? இனிமேல்தானே பைப்பே பதிக்க வேண்டும்? அதைக்கூட யோசிக்காத மனுஷனுக்கு எப்படித்தான் அவ்வளவு கரும்பு விளைகிறதோ.

28-10-1988

திருச்சிக்குப் போய் வாங்கிவிட்டேன். வெளிநாட்டுச் சாமான் விற்கிற ஒரு சின்னக் கடையில் இரண்டு வகை எடுத்து வைத்தார்கள். ஒன்று சாம்பல் நிறம். தர்மனிடம் இருப்பதும் அதேதான். சத்தம் சின்னது, கம்பிக்குக் கிட்டே போனால்தான் கத்துகிறது. இன்னொன்று சிவப்பு. கடைக்குள் நுழைந்ததுமே கத்த ஆரம்பித்துவிடும் போலிருந்தது. பஸ் ஹாரன் தோற்றது.

கடைக்காரர் நல்ல மனிதர். "சத்தத்தப் பாத்து எடுக்காதீங்க. எப்ப சும்மா இருக்குன்னு பாத்து எடுங்க" என்றார். நான் சிவப்பைத்தான் எடுத்தேன். அவன் வைத்திருப்பதையே நானும் வாங்கவா? அப்புறம் அவனைப் பார்த்து வாங்கினேன் என்று ஆகிவிடாதா?

30-10-1988

சிவப்புப் பேனா, லைட் ஸ்விட்சை அணைத்த பிறகும் கத்துகிறது. பக்கத்துக் கம்பியில் கரண்ட் இருந்தால் இந்தக் கம்பிக்கும் கத்துகிறது. சட்டையில் தேய்த்துப் பையில் போட்டால் அதற்கும் ஒரு கத்து. அம்சவள்ளி நைலான் சேலையோடு குறுக்கே போனாள், அதற்கும் கத்தியது. "எனக்குள்ளயும் லைன் ஓடுதா?" என்று உட்கார்ந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் யோசித்துப் பார்த்தால் இது நல்லதுதான். இல்லாததற்கே இவ்வளவு கத்துகிற சாமான், இருந்தால் விடுமா? இது கத்தினால் சந்தேகம். சும்மா இருந்தால் அந்தக் கம்பி செத்த கம்பி, நிச்சயம். அப்படி வைத்துக்கொள்ளலாம்.

10-11-1988

தீபாவளிக்கு மாமியார் வீடு. தர்மன் என் பேனாவைப் பார்த்து, "அட, அண்ணனும் வாங்கிட்டீங்களா" என்று சந்தோஷப்பட்டான். நடிப்பா, நிஜமா? அவனிடம் எதுவும் கண்டுபிடிக்க முடியாது.

அப்புறம் கேட்டான்: "அண்ணே, நீங்க ரெண்டு பல்பு ஜோடிச்சு வச்சிருப்பீங்களே, அத ஒரு தடவ காட்டுங்கண்ணே."

எல்லாரும் இருக்கும்போது கேட்கிறான். சிங்கப்பூர் பேனா வைத்திருக்கிறவனுக்கு, கரண்ட் பார்க்க நான் கட்டிவைத்த பழைய ஹோல்டரும் ஒயரும் எதற்கு? மலர்கொடி வேறு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதைக் கொண்டுவரவில்லை என்று சொல்லிவிட்டேன். பைக்குள்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்த இரட்டை பல்பை எடுத்துப் பரண்மேல் போட்டேன். இனி அது என் பையில் இருக்கக்கூடாது.

24-11-1988

பெரம்பலூரில் தர்மன் கடைக்குப் போர்டு மாட்டியிருக்கிறானாம். பஸ்ஸில் ஒருவர் சொன்னார். நான் கேட்கவே இல்லை.

15-12-1988

இடது கையால் எழுதுகிறேன். கோணல்மாணலாக வருகிறது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை திருமானூரில் கிருஷ்ணமூர்த்தியின் போர் மோட்டார் நின்றுவிட்டது என்று ஆள் வந்தது, போனேன். புது வீட்டில் வயரிங் செய்துகொண்டிருந்த தர்மனும் மோட்டார் கொட்டகைக்கு வந்து நின்றான். கிருஷ்ணமூர்த்தியும் நின்றார். இவர்கள் இரண்டு பேர் முன்னால்தான் நான் செய்து காட்ட வேண்டும் என்று இருந்தது.

எங்கள் பக்கம் மூன்று பேஸும் சேர்ந்து வருவது கொஞ்ச நேரம்தான். மற்ற நேரம் இரண்டு பேஸ். அதில் மோட்டார் ஓடாது என்று எல்லாக் கொட்டகையிலும் கண்டன்சர் டப்பா மாட்டியிருப்பார்கள். அங்கே இரண்டு டப்பா. மெயினை இழுத்துவிட்டாலும் கண்டன்சர் உள்ளே கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். இது எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமாக என்ன செய்கிறேன்? இரட்டை பல்பின் இரண்டு ஒயரையும் டப்பாவின் இரண்டு முனையிலும் வைப்பேன். பளிச்சென்று ஒரு தடவை எரிந்து அணையும். அதற்குப் பிறகுதான் கை வைப்பேன்.

அன்று பையில் பல்பு இல்லை. மெயினை இழுத்தேன். சிவப்புப் பேனாவை எடுத்து டப்பாவுக்கு மேல் நீட்டினேன். சத்தமே இல்லை. சேலைக்குக் கத்திய சனியன் அங்கே வாயை மூடிக்கொண்டது. "பாத்தீங்களா, டெட்" என்று கிருஷ்ணமூர்த்தியிடம் சொன்னேன். பக்கத்தில் தர்மன், "அண்ணே, இருங்கண்ணே" என்றான். அவன் சொல்லி நான் இருக்கவா? கையை வைத்தேன்.

அப்புறம் கொட்டகைக்கு வெளியே காய்ந்த கரும்புச் சோகைமேல் கிடந்தேன். வலது கை எனக்குச் சொந்தமில்லாத கை மாதிரி இருந்தது. விரல் நுனி வெந்துவிட்டது. செத்திருப்பேன். ஒரு பேனாவுக்காக. அம்சவள்ளிக்கு யார் பதில் சொல்வது?

தர்மன் தண்ணீர் கொடுத்தான், கையைப் பார்த்தான். அப்புறம் உள்ளே போய் அவன் பையிலிருந்து ஒன்றை எடுத்தான். இரண்டு ஹோல்டர், இரண்டு பல்பு, கருப்பு டேப். மற்ற டப்பாவில் வைத்தான். பளிச்சென்று எரிந்து அணைந்தது. அதிலும் அவ்வளவு நேரமும் கரண்ட் உட்கார்ந்திருந்தது.

தர்மன் சொன்னான்: பேனா லைனில் வருகிற கரண்டுக்குத்தான் கத்துமாம், டப்பாவுக்குள் தேங்கி நிற்பது அதற்குத் தெரியாதாம். அவனுடைய சாம்பல் பேனாவும் இதற்கு ஆகாதாம். சுவரில் லைன் தேட மட்டும் எடுப்பானாம். அதையும் முதலில் ஒரு நல்ல பிளக்கில் வைத்துப் பார்ப்பானாம், வேலை முடிந்ததும் திரும்ப வைத்துப் பார்ப்பானாம், நடுவில் பேட்டரி செத்துப்போயிருந்தால் தெரிந்துவிடும் என்று. அதைத்தான் நான் விளம்பரம் என்று நினைத்தேன்.

பல்பைக் காட்டி, "இது எங்க வாங்குன?" என்று கேட்டேன்.

"வாங்குறதாண்ணே இது? தீவாளிக்குக் கேட்டேன், நீங்க காட்டல. நானாக் கட்டிக்கிட்டேன்." டேப்பை இறுக்கிச் சுற்றினான். "அத்த வூட்ல எப்பப் பாத்தாலும், பெரிய மாப்பிள்ள பல்பு போட்டுப் பாக்காம கை வெக்க மாட்டாருன்னுதான் பேச்சு. மலர்கொடியும் அதையேதான் சொல்லும். எனக்கு எரிச்சலா வரும்ணே."

அவனுக்கு என் பல்புமேல் எரிச்சல். நான் பரண்மேல் தூக்கிப் போட்ட பல்புமேல்.

16-12-1988

அம்சவள்ளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து இரட்டை பல்பை எடுத்துத் துடைத்துப் பையில் வைத்தாள். சிவப்புப் பேனாவை என்ன செய்தாள் என்று தெரியவில்லை. கேட்கவும் போவதில்லை.

2-1-1989

கைக்கட்டு அவிழ்த்தாயிற்று. சுட்டுவிரல் நுனியில் இன்னும் உணர்ச்சி இல்லை. கிருஷ்ணமூர்த்தியின் மோட்டாரைத் தர்மனே முடித்துக் கொடுத்துவிட்டானாம். நல்லது. நல்லதுதான்.

15-1-1989

மாட்டுப் பொங்கல். செந்துறையில் எல்லாரும் சேர்ந்தோம். நான் அடிபட்டது மாமியாருக்குத் தெரியும், எப்படி என்று தெரியாது. தர்மன் ஒரு வார்த்தை சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருக்க முடியும்?

மாடு குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும். கிணற்று மோட்டார் ஓடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் போனோம். கண்டன்சரில் ஒரு ஒயர் விட்டிருந்தது. என் கை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை, அதனால் பல்பு வைத்ததும் ஒயர் மாட்டியதும் தர்மன்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் ஒன்றும் தப்புச் செய்யவில்லை. தப்புச் செய்வானா என்று பார்த்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

மாமியார் ஸ்விட்ச் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "பெரிய மாப்பிள்ள பாத்துட்டாரா? அவரு பாக்காம நான் தொட மாட்டேன்" என்றார். தர்மன் தலையைக் குனிந்துகொண்டு சாமானைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். அவன் முகம் எனக்குத் தெரிந்த முகம்தான். காதுகுத்தன்று பஸ்ஸில் எனக்கும் அதே முகம்தான் இருந்திருக்கும்.

"சின்ன மாப்பிள்ள பாத்துட்டாரு அத்த. நீங்க போடுங்க" என்றேன்.

அவர் போட்டார். தண்ணீர் வந்தது.

சாப்பிடும்போது முதல் வடை தர்மன் இலைக்குப் போனது. போகட்டும். அவன் பல்பு ஹோல்டரில் டேப் சுற்றியிருக்கிற நேர்த்தி என்னுடையதில் இல்லை. இந்த வாரம் என்னுடையதைப் பிரித்துக் கட்ட வேண்டும்.