பன்னிரண்டாவது குட்டைத் தோட்டா

என் தங்கச்சியைக் கட்டிய மாப்பிள்ளை, பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து வாங்கில் உட்கார்ந்த முத்துவேலுவுக்கு,

ஊர் முன்னால் உன்னை "வாங்க மாப்பிள்ளை" என்பேன். ஆட்கள் நகர்ந்ததும் "வாடா" தான். இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள், இருந்தாலும் நீ என்றே எழுதுகிறேன். மரியாதை போட்டு எழுத ஆரம்பித்தால் பொய்யும் கூடவே வந்துவிடும்.

வருகிற வெள்ளிக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம். அக்கரப்பத்தனையில் இன்னும் மழை விடவில்லை. உன் மகள் கவிதா ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், உன்னைப் போலவே இடது கையால் எழுதுகிறாள். பன்றிகளும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. மேல்மலையில் புதிதாக நட்ட தேயிலைக் கன்றெல்லாம் கிளறிக் கிடக்கிறது. உன் இடத்தில் காவலுக்கு வந்த வாச்சர், துவக்கை எடுத்துச் சுடவே மாட்டேன் என்று தகரத்தைத் தட்டிக்கொண்டு திரிகிறார். பன்றிக்கு அந்தச் சத்தம் பழகிப்போய்விட்டது.

இதெல்லாம் சொல்வதற்கு நான் கடிதம் எழுத வேண்டியதில்லை. தங்கச்சி செல்வி உனக்குப் படையல் வைக்க மாட்டேன் என்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு திவசத்துக்கு என்ன வாங்க வேண்டும் என்று கேட்கப் போனேன். கொழுந்துக்கூடையைக் கழற்றிச் சுவரோரம் வைத்தவள், என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"ஒண்ணும் வாங்க வேணாண்ணே. மாரியம்மன் வாசல்ல சூடத்த அணைச்சு, இனிமே குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுன மனுசன். சாமிகிட்டயே பொய் சொன்னவருக்கு என்ன படையலு?"

நீ குடித்திருந்தாய் என்று யார் முதலில் சொன்னது? எனக்குத் தெரியாது. துவக்குக் குழாயில் மண் அடைத்திருக்கலாம், அதனால்தான் துவக்கு உன் கையிலேயே வெடித்திருக்கும் என்று மரண விசாரணையில் சொன்னார்கள். மண் அடைத்ததைக் கூடப் பார்க்காமல் சுடுகிறவன் எப்படிப்பட்டவனாக இருப்பான்? மிச்சத்தை நாம் குடியிருக்கும் லயம் தானே கட்டிக்கொண்டது. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது ஒருத்தி சொன்னாள், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நாலு பேர் தலையாட்டினார்கள், ஒரு மாதத்தில் நீ குடிகாரனாகிவிட்டாய். செல்வி அப்போதே என்னிடம் கேட்டாள்: "அண்ணே, உங்க கூட்டாளிதானே. அன்னிக்குக் குடிச்சிருந்தாரா?"

"தெரியலம்மா" என்றேன்.

எனக்குத் தெரியும், முத்துவேலு. அந்தக் குழாயில் மண் இல்லை. உன் வாயில் சாராயமும் இல்லை.

உரமூட்டை ஏற்றிய லொறியிலிருந்து விழுந்து உன் தோள் எலும்பு முறிந்ததும், அதற்குப் பிறகும் உன்னையே வாச்சராகப் போட்டதும் எல்லோருக்கும் தெரியும். துரை பங்களாவிலிருந்து உனக்குக் கொடுத்த துவக்கு நீளத் தோட்டாவுக்கென்று செய்த முரட்டுச் சாமான். ஒரு வெடி வைத்துவிட்டு என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாய். உதடு வெளுத்திருந்தது.

"மச்சான், தோளு வுட்டுப்போச்சு. மூணு நாளாச் சோத்த அள்ளி வாய்ல வைக்க முடியல. முடியாதுன்னு சொன்னா வாச்சர் வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. பன்னிய வெரட்டுனாப் போதும்டா, கொல்ல வேணாம். மெதுவா ஒண்ணு செஞ்சு குடேன்."

நான் தேயிலை ஃபாக்டரியில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர். தோட்டா நிரப்ப எனக்கு லைசன்ஸ் கிடையாது, செய்தால் சட்டப்படி குற்றம் என்பதும் தெரியும். ஆனால் கைவேலை எதுவென்றாலும் வரும் என்ற திமிர் இருந்தது. குட்டைத் தோட்டா, குறைந்த வெடிமருந்து, அதைப் போடப்போவதோ பலமான துவக்கில். இதில் என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். உனக்கும் அதையே சொன்னேன்.

ஜாக்கிரதை இல்லாமல் செய்யவில்லை. பன்னிரண்டு வெற்றுத் தோட்டாக் கூடுகளைப் பலகைக் குழிகளில் வரிசையாக நிறுத்தினேன். பன்னிரண்டு அளவு மருந்தை மட்டும் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு மீதியைப் பூட்டினேன். கடைசிக் கூட்டுக்கு நிரப்பும்போது டப்பா காலியாக வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் எங்கேயோ தவறு என்று அர்த்தம்.

அன்றைக்குத் தேர். நம் லயத்து வாசலுக்குத் தேர் வந்தால் எந்த வேலையும் நிற்க வேண்டும், வீட்டுக்கு வீடு சூடத்தட்டு வெளியே வர வேண்டும். மேளம் திருப்பத்தில் கேட்டதும் எனக்கு நெருப்பு நினைவுதான் வந்தது. மருந்து இருக்கிற வீட்டில் சூடம் கொளுத்துவார்களே! டப்பாவை மூடினேன், பலகை மேல் ஈரச்சாக்கைப் போர்த்திக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பிறகு போய் வடம் பிடித்தேன். எனக்கு முன்னால் நீ ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டிருந்தாய். நெற்றி நிறையத் திருநீறு.

திரும்பி வந்து பலகையை வெளியே எடுத்தேன். ஆறு முடிந்ததா, ஏழா? கூட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். வழக்கமான மருந்தென்றால் பாதிக் கூடு நிறைந்திருக்கும், பார்த்ததும் தெரியும். இன்னொரு அளவு போட்டால் வழிந்தே போகும். மெதுவான தோட்டாவில் மருந்து அடியில் கொஞ்சமாகக் கிடக்கிறது. லயத்து இருட்டில் கறுப்புக் கூட்டுக்குள் கறுப்பு மருந்து. உனக்கு வலிக்கக்கூடாது என்று நான் விட்ட அந்த வெற்றிடத்தில் இன்னொரு அளவு சத்தமில்லாமல் போய் உட்கார இடம் இருந்தது.

அத்தனையையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். அது எனக்குத் தெரியாத விஷயமா? ஆறுதான் என்று முடிவு செய்து ஏழாவதில் போட்டேன். பதினொன்றோடு டப்பா காலியானது. பன்னிரண்டாவது கூடு வெறுமனே நின்றது. ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு, தேர் அவசரத்தில் டப்பாவை மூடும்போது கொஞ்சம் சிந்தியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பதினொன்றையும் அடைத்து உன்னிடம் கொடுத்தேன். அவ்வளவு தூரம் செய்ததைக் கொட்ட மனம் வரவில்லை. சோம்பல். வேறு பெயர் வைக்க மாட்டேன்.

மூன்றை வெடித்துவிட்டு வந்தாய். "பூ மாதிரி இருக்கு மச்சான்" என்று என் கன்னத்தைக் கிள்ளினாய். மறுநாள் பின்னேரம், கொழுந்து நிறுக்கிற நேரத்தில் மேல்மலையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. பூ மாதிரி இல்லை. பிட்டரின் காதுக்கு அது போதும். எல்லோரும் மலையைப் பார்த்து ஓடினார்கள். நானும் ஓடினேன், ஆனால் போய்ச் சேரும்போது என்ன கிடக்கும் என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

நீ ஏழாவதைத்தான் எடுத்தாய் என்று நான் எப்படிச் சொல்கிறேன்? உன் சாக்குப் பையில் மிச்சம் ஏழு தோட்டா இருந்தது. யாரும் பார்க்கும் முன்னே எடுத்து ஒளித்தேன். பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்து மருந்தை நிறுத்துப் பார்த்தேன். ஏழிலும் ஒரே அளவு. இரண்டு அளவு இருந்தது ஒன்றில்தான், அது உன் கையில் போய்விட்டது. உன்னைத் தூக்கும்போது உன் முகத்தோடு முகம் வைத்துக் கத்தினேன். வெற்றிலை வாசனைதான் வந்தது. பச்சைத் தண்ணீர் குடித்த வாய், மாப்பிள்ளை.

கொன்றது நான். அதற்கு மேல், செத்த பிறகு உன்னைக் குடிகாரனாகவும் ஆக்கினேன். முதலாவது கைத்தவறு என்று யாராவது மன்னிக்கலாம். இரண்டாவதை ஒரு வருஷம் தினமும் தெரிந்தே செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் செல்வி வேலைக்குப் போகும் முன் இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுப்பேன். அந்தப் பன்னிரண்டாவது வெற்றுக்கூட்டை இத்தனை நாள் ஆணி டப்பாவில் வைத்திருந்தேன். அதையும் அவள் கையில் வைப்பேன். அதற்குப் பிறகு அவள் என்னை அண்ணே என்று கூப்பிட மாட்டாள். அது எனக்குத் தெரியும். கடிதத்தின் இன்னொரு படியைப் பெரட்டுக்களத்துப் பலகையில் ஒட்டிவிட்டு, நானே பொலிசுக்குப் போவேன். பஸ் ஏறும் வரைக்கும் யாரிடமும் மன்னிப்போ இரக்கமோ வேண்ட மாட்டேன்.

உனக்கு ஒரே ஒரு வாக்கு. அன்றைக்கு உன் படத்துக்கு முன்னால் படையலுக்கு இலை விழும். பரிமாறுகிறவள் செல்வியாக இருப்பாள். நான் உன்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை, உன்னைக் குடிகாரன் என்று நம்பியதற்காக முதலில் அவளே கேட்பாள், அவள் குணம் அது. நீ அவளைப் பேசவிடாதே. தப்பு அவளுடையதில்லை.

அந்த வாசலை இனி மிதிக்கும் உரிமையில்லாத,
உன் மச்சான்
ராசு